ஏழணை உலகத்தில் சாமி வரத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழணை என்பது நாங்கள் ஐந்து பேர் பாளையங்கோட்டையில் ஒரு மொட்டை மாடியில் உட்கார்ந்து வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஆடும் கதை விளையாட்டின் உலகம். நான் கதை சொல்வேன். மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்வார்கள், சந்தேகம் வந்தால் தாயக்கட்டை தீர்ப்பு சொல்லும். புதிதாக வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள்: இந்த உலகத்தில் சாமிக்கு எங்கிருந்து சக்தி வருகிறது, அது மனுஷன் கைக்கு எப்படி வருகிறது. ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைக்கிறேன். ஏழணைச் சாமிகள் எல்லாம் கற்பனை. நம்ம ஊர் விஷயம் வரும் இடத்தில் அது நிஜம் என்று தெரிகிற மாதிரிச் சொல்லியிருக்கிறேன்.

வரத்து என்றால் என்ன? வரமா?

வரம் இல்லை. "குளத்துக்கு வரத்து இருக்கா?" என்று கேட்போமே, அந்த வரத்து, தண்ணீர் வந்து சேருவது. ஏழணையில் சாமி அருள், குறி, சாபம், செய்வினை, காவல் எல்லாம் ஒரே சரக்குதான், அதற்குப் பெயர் வரத்து. "வரத்துக்கு" என்று சொல்லும்போது வரமும் வரத்தும் ஒரே மாதிரி ஒலிப்பதை நான் வேண்டுமென்றே பயன்படுத்திக்கொண்டேன், ஏனென்றால் ஏழணை மக்களும் அதே குழப்பத்தில்தான் இருக்கிறார்கள். சாமி கொடுத்தது என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள். சாமி திருப்பிவிட்டது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் சாமி சக்தியை உண்டாக்குவதில்லையா?

இல்லை. இதைத் திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்குவது சுலபம், மற்றவர்களிடம்தான் படம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. அணை வேறு, அணைக்கட்டு வேறு. பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று பேப்பரில் நீர்மட்டம் பார்க்கிறோமே, அவை தண்ணீரைத் தேக்கி வைக்கிற அணைகள், போன நூற்றாண்டில் வந்தவை. அதற்கு முன்னால் பல நூறு வருஷம் தாமிரபரணியை நம்பி நடந்த விவசாயம் அணைக்கட்டுகளை வைத்துத்தான் நடந்தது. அணைக்கட்டு ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டிய ஒரு கல்வரிசை. ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட அது உண்டாக்காது, பெரிதாகச் சேர்த்தும் வைக்காது. ஓடுகிற தண்ணீரைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பக்கவாட்டில் ஒரு காலுக்குள் (கால்வாய்க்குள்) திருப்பிவிடும், மிச்சம் மேலே வழிந்து அடுத்த அணைக்கட்டுக்குப் போய்விடும். கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால் எல்லாம் அப்படிப் பிரிந்தவைதான்.

ஏழணையில் ஒவ்வொரு சாமியும் ஒரு அணைக்கட்டு. ஆறு யாருடையதும் இல்லை. அது தலைமலையில் இருந்து வருகிறது, தலைமலைக்கு யாரும் போனதில்லை, நீங்களும் போக முடியாது, தயவுசெய்து கேட்காதீர்கள்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு இருக்கிறதே, இங்கே ஏன் ஏழு?

நல்ல கேள்வி. நிஜத்திலும் ஏழுதான் பழையது, எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரன் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஏழணை உலகத்திலோ எட்டு இருந்து ஒன்று போய்விட்டது. எப்படிப் போனது என்பது கடைசிக் கேள்வியில் இருக்கிறது. ஆட்டத்தில் சேர நினைப்பவர்கள் அதை மட்டும் படிக்காமல் வந்தால் சுவாரசியமாக இருக்கும்.

ஒரு சாமி எப்படி உருவாகிறது?

நம்ம பக்கத்துச் சுடலைகளிலும் (சுடுகாடுகளிலும்) ஆற்றங்கரைகளிலும் நிற்கிற பீடங்களின் கதையைக் கேட்டால் பாதி இடத்தில் ஒரு கொலையில் போய் நிற்கும். காதலித்ததற்காக வெட்டப்பட்டவர்கள், காவலுக்குப் போய்ச் செத்தவர்கள், பிள்ளையோடு கைவிடப்பட்டுச் செத்த பெண்கள். அநியாயமாகச் செத்தவரை ஊர் முதலில் பயந்து, அப்புறம் கும்பிட்டு, அப்புறம் "எங்க சாமி" என்று பெருமையாகச் சொல்லும். ஏழணையின் விதி முழுக்க இதில் இருந்துதான் வந்தது. அங்கே ஒரு சாவு சாமியாக மாற மூன்று விஷயம் கூடி வர வேண்டும். சாவு அநியாயமாக இருக்க வேண்டும், அதைக் கண்ணால் பார்த்த ஒரு ஆளாவது உயிரோடு இருக்க வேண்டும், முக்கியமாக, அந்தச் சாவால் யாருக்காவது லாபம் இருந்து அந்த லாபம் இன்னும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உதாரணத்துக்கு மடைமுறிச்சான். அவன் நீர்ப்பாய்ச்சி, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை. பிசான நெல் பருவத்தில் ஒரு வருஷம் மழை பொய்த்து, தலைமடைக்காரர்கள் (காலின் தலைப்பில் வயல் உள்ளவர்கள்) மதகை இறுக்கி அடைத்துவிட, காலின் கடைசியில் இருக்கிற கடைமடையில் பயிர் கருகியது. இவன் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ப் பலகையை எடுத்துவிட்டான். காலையில் தலைமடைக்காரர்கள் அவனை அடித்து அதே மதகுக்கு அடியில் புதைத்து மேலே பலகையைப் போட்டார்கள். அன்றைக்கு அடைத்த மதகு அப்புறம் திறக்கவே இல்லை. தலைமடையில் விளைந்த ஒவ்வொரு கோட்டை (நெல் அளக்கிற அளவு) நெல்லும் அவனுக்குப் பாக்கி. அந்தப் பாக்கிதான் கல்வரிசை. ஆற்றை மறித்துத் தூக்குவது அதுதான்.

சாமியால் என்ன வேண்டுமானாலும் செய்ய முடியுமா?

முடியாது. உயிரோடு இருக்கும்போது என்ன தொழில் தெரியுமோ அதைத்தான் செய்ய முடியும். மடைமுறிச்சானால் தண்ணீரை, வழியை, பூட்டை, வாயை (பேசாதவனைப் பேச வைப்பது) திறக்க முடியும், அடைக்க முடியும். காய்ச்சலைக் குணமாக்கச் சொல்லி அவனிடம் போய் நின்றால் உங்களைப் பார்த்து முழிப்பான். உப்பளத்தில் செத்த உப்பாச்சி கெட்டுப்போகாமல் காப்பாள், காயத்தை எரிப்பாள். ஆட்டக்காரர்கள் முதலில் சாமியின் சாவைக் கேட்பார்கள், விவரம் தெரிந்தவர்கள் அவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்பார்கள்.

வீடியோ கேமில் வரும் மானா மாதிரியா?

இல்லை, அந்த நீலக் கோடு குறைவதும் மருந்து குடித்தால் ஏறுவதும் இங்கே கிடையாது. மானா என்பதே பசிபிக் தீவு மக்களின் சொல், காட்ரிங்டன் என்ற பாதிரியார் 1891இல் மெலனீசிய மக்களைப் பற்றி எழுதிய புத்தகம் வழியாகத்தான் அது வெளியுலகில் பெரிதாகப் பரவியது. ஒரு ஆளிடமோ பொருளிடமோ காரியம் பலிக்கும்படி ஒரு பலம் இருக்கிறது என்பதுதான் அங்கே அதற்குப் பொருள். அதைப் பெட்ரோல் மாதிரி ஆக்கியது பின்னால் வந்த கதைக்காரர்களும் விளையாட்டுக்காரர்களும். வரத்தை யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் இருக்கிறது.

கோமரத்தாடி என்ன செய்கிறார்? தாயக்கட்டை எங்கே வருகிறது?

கோமரத்தாடி என்றால் தெரியாதவர்களுக்கு: சாமியாடி. ஏழணையில் அவர்தான் மதகு. சாமி திருப்பிவிடுகிற வரத்து ஒரு ஆள் உடம்பு வழியாகத்தான் ஊருக்குள் வர முடியும்.

எங்கள் கட்டை பித்தளைத் தாயக்கட்டை, இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு முகம், ஒன்றில் எதுவும் இருக்காது, மற்றவற்றில் ஒரு புள்ளி, இரண்டு, மூன்று. ஆக மொத்தம் 16 விதமாக விழலாம். மூன்று விழத்தான் வழி அதிகம், 4 வழி. இரண்டுக்கும் நாலுக்கும் மும்மூன்று வழி. இந்த மூன்று எண்ணும் சாதாரண வரத்து, கேட்டதில் பாதி நடக்கும், கோமரத்தாடிக்கு அலுப்பு மட்டும். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால் (எட்டில் ஒரு வாய்ப்பு) சாமி கேட்காமலே வந்துவிட்டது என்று அர்த்தம், நீங்கள் கேட்டதைச் செய்யாமல் தனக்குத் தோன்றியதைச் செய்துவிட்டுப் போகும். ஐந்தும் ஆறும் பலமான வரத்து, ஆனால் உடம்பில் ஒன்று போகும்: ஒரு நாள் பார்வை, ஒரு மாசத் தூக்கம், அந்த மாதிரி. பன்னிரண்டு விழ ஒரே வழிதான், இரண்டு கட்டையும் வெறும் முகமாக விழ வேண்டும், பதினாறில் ஒன்று. அப்போது மறுகால் பாயும், அதாவது குளம் நிரம்பி வழிகிற மாதிரி வரத்து வழியும். கேட்டது, கேட்காதது எல்லாம் நடக்கும், கோமரத்தாடி பிழைப்பாரா என்று இன்னொரு தடவை உருட்ட வேண்டும். இரண்டும் ஒன்றுமில்லாமல் விழுந்தால் ஏன் பெரிய எண் என்று சின்ன வயசில் இருந்தே எனக்குக் கேள்வி உண்டு, தாயம் கற்றுக்கொடுத்த யாரும் பதில் சொன்னதில்லை. இந்த ஆட்டத்தில் அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டேன்.

உடம்பில் ஏதாவது போகும் என்ற விதி எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். எங்கள் ஊர்க் கொடையில் (கோவில் திருவிழாவில்) எனக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவர் ஆடுவார். நடுராத்திரிச் சாமக்கொடையில், சல்லடம் என்ற சாமியாடி உடுப்பைக் கட்டி, வல்லயம் என்ற ஈட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் சுடலைக்கு வேட்டைக்குக் கிளம்பினால் எங்களை மாதிரிச் சின்னப் பையன்கள் ஆச்சி முந்தானைக்குள் புகுந்துகொள்வோம். மறுநாள் காலையில் டீக்கடையில் பார்த்தேன். கிளாஸைக் கையால் பிடிக்க முடியவில்லை, அப்படி நடுக்கம். தோளில் கிடந்த துண்டை எடுத்து கிளாஸைச் சுற்றி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக் குனிந்து குடித்தார், டீ துண்டில் பாதி, வாயில் பாதி. "பெரியப்பா, நேத்து என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "நான் எங்கடே சொன்னேன்? எவனோ வந்து சொல்லிட்டுப் போயிட்டான். வலி மட்டும் எனக்கு" என்றார். ஐந்து, ஆறு விழுந்தால் என்ன ஆகும் என்று எழுதும்போதெல்லாம் அந்தத் துண்டுதான் ஞாபகத்துக்கு வரும்.

பெண்கள் கோமரத்தாடி ஆகலாமா?

ஏழணையில் யாரும் ஆகலாம். எங்கள் ஆட்டத்தில் இப்போது இருக்கும் இரண்டு கோமரத்தாடிகளும் பெண்கள்தான்.

வில்லுப்பாட்டு எதற்கு? வெறும் அலங்காரமா?

அது இல்லாவிட்டால் வரத்தே இல்லை. நிஜக் கொடையில் பார்த்திருப்பீர்கள். புலவர் நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் வில்லை அடிக்க, குடமும் உடுக்கும் கூடச் சேர, கதை சாவை நெருங்க நெருங்கத் தாளம் ஏறும். சாமி வெட்டுப்படும் கட்டத்தில்தான் பந்தலுக்கு வெளியே எங்கேயோ ஒருவர் உடம்பு உதறத் தொடங்கும். கதை பிறப்பில் இருக்கும்போது பீடி குடித்துக்கொண்டு நின்ற அதே ஆள்.

ஏழணையில் இதை விதியாக வைத்தேன். சாமி எப்படிச் செத்தது என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் பாட வேண்டும். ஒரே ஒரு வார்த்தையை மழுப்பினாலும் வரத்து பாதியாகும். இதில் என்ன கஷ்டம் என்றால், கொடைக்கு வரி கொடுப்பவர்களில் கொன்றவர்களின் பேரன்மார் இருப்பார்கள், பந்தல் போட்டதும் அவர்களாக இருப்பார்கள், முன்வரிசையில் சேர் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். "எங்க தாத்தா பேர் வேண்டாம், ஒரு பாவின்னு பாடிட்டுப் போங்க புலவரே" என்று கையில் பணத்தைத் திணிப்பார்கள். பாவி என்று பாடினால் புலவருக்குப் பணம், ஊருக்கு வரத்து இல்லை. பேரைப் பாடினால் வரத்து பொங்கும், புலவர் ஊர் எல்லையைத் தாண்டுவது சந்தேகம். எங்கள் ஆட்டத்தில் நல்ல சண்டைகள் எல்லாம் வாளோடு நடந்ததே இல்லை, இந்த ஒரு வார்த்தையைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன.

பிடிமண் எடுத்துக்கொண்டு போனால் சாமி இரண்டாகிவிடுமா?

பிழைப்புக்காக வெளியூர் போகிறவர்கள் மூலக்கோவிலில் ஒரு பிடி மண் எடுத்துப்போய் அங்கே புதுப்பீடம் போடுவது நம்ம வழக்கம். ஏழணையில் பிடிமண் என்பது அணைக்கட்டில் இருந்து புதிதாக வெட்டுகிற ஒரு கால். தண்ணீர் அதே தண்ணீர்தான். போன வருஷம் ஒருத்தன் ரொம்ப புத்திசாலித்தனமாக ஒரே சாமியிடம் முப்பது தடவை பிடிமண் எடுத்து முப்பது ஊரில் பீடம் போட்டு, தனக்கு முப்பது சாமி காவல் என்று நிமிர்ந்து நடந்தான். முதல் சண்டையில் கூப்பிட்டபோது வந்தது திருநீற்று வாசனை மட்டும்தான். கடைமடைக்காரர்கள் யாரிடமாவது கேட்டிருந்தால் அவனுக்கு முதலிலேயே சொல்லியிருப்பார்கள்.

வரத்து இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தேய்மானத்தை வைத்து. இதற்கும் ஒரு நிஜ மூலம் உண்டு. பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோவில் இருக்கிறது, ஆடி அமாவாசைக்கு அங்கே காடே ஊராகிவிடும். அங்கே பட்டவராயன் என்கிற முத்துப்பட்டனுக்குத் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவார்கள். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையைக் கல்யாணம் செய்து, செருப்புத் தைத்து, மாட்டுக்குக் காவல் நின்று செத்தவன் அவன். காணிக்கையாகக் கட்டிய புதுச் செருப்பு கொஞ்ச நாளில் நடந்து தேய்ந்த மாதிரி ஆகிவிடும், ராத்திரி அவன் காடு சுற்றுகிறான் என்பது நம்பிக்கை. சின்ன வயசில் முதல் தடவை அந்தச் செருப்பு வரிசையைப் பார்த்தபோது நான் சாமியைப் பார்க்கவில்லை, ஒவ்வொரு செருப்பாகத் திருப்பிக் குதிகால் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அப்பா முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனார்.

ஏழணையில் இது ஒன்றுதான் அளவுகோல். சாமிக்கு அதன் தொழில் சாமானைப் படைக்க வேண்டும்: நீர்ப்பாய்ச்சிக்கு மண்வெட்டி, காவல்காரனுக்குச் செருப்பு, உப்பாச்சிக்குப் பனையோலைப் பெட்டி. அது தேய்ந்தால் சாமி வேலையில் இருக்கிறது. வைத்தது வைத்தபடி பளபளவென்று இருந்தால் அந்தக் கோவிலில் கும்பிட்டுப் பிரயோசனம் இல்லை, கோபுரம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி.

படப்பில் (சாமிக்கு வைக்கும் படையலில்) வைக்கிற சோறு, கறி, முட்டை, சுருட்டு எல்லாம்?

அது சக்திக்கு இல்லை, வட்டிக்கு. அசலைக் கொடுக்க மனசில்லாதவர்கள் வட்டியை ஒழுங்காகக் கட்டுகிறார்கள்.

வரத்து அளவுக்கு மீறினால்?

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் நம்ம பக்கம் இருந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷம் முழுக்க எதிர்பார்த்துக் காத்திருக்கிற அதே தண்ணீர்தான் வீட்டுக்குள் வந்து அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்கு முன்னால் ஆட்டத்தில் பன்னிரண்டு விழுந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். அதற்கப்புறம்தான் பன்னிரண்டின் விதியை இப்போது இருக்கிற மாதிரி மாற்றினேன், ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.

சாமி விஷயத்தில் இப்படி விளையாடலாமா?

நானும் பயந்துகொண்டுதான் எங்கள் ஆச்சியிடம் மடைமுறிச்சான் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "பாவம்ல. அவனுக்குக் கொடை என்னைக்கு?" என்றாள். "கற்பனை, ஆச்சி" என்று சொன்னால் "எல்லாச் சாமியும் மொதல்ல ஒருத்தன் சொன்ன கதைதாம்டே" என்று சொல்லிவிட்டு வெத்தலையை எடுத்துக்கொண்டாள். அப்புறம் நான் பேசவில்லை.

பாக்கி தீர்ந்துவிட்டால் சாமிக்கு என்ன ஆகும்? எட்டாவது அணைக்கட்டு ஏன் போனது?

எட்டாவது மடைமுறிச்சானுடையது. ஐந்து தலைமுறை கழித்துத் தலைமடைக் குடும்பத்தில் ஒரு பெண், கொடையில் தன் பூட்டன் பேரைப் பாடக் கேட்டு, மறுநாள் தனியாகப் போய் மதகுக்கு அடியில் தோண்டினாள். எலும்பை எடுத்துக் கழுவி, கடைமடைக்காரர்களைக் கூட்டிவந்து, அவர்கள் கண்முன்னால் பலகையை உருவி எறிந்தாள். ஐந்து தலைமுறையாக வறண்டு கிடந்த காலில் தண்ணீர் போனது. நல்ல காரியம், ஆட்டத்தில் எல்லோரும் அவள் பக்கம்தான். ஆனால் பாக்கி தீர்ந்தது, கல்வரிசை கரைந்தது, மடைமுறிச்சான் போய்விட்டான். படைத்த மண்வெட்டி அன்றையில் இருந்து தேயவில்லை. ராத்திரிக் காவல் இல்லை, குறி இல்லை, பக்கத்து நாட்டுக்காரர்கள் ஆடிமாசம் வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், கேட்க ஆள் இல்லை.

இந்த இடத்தில் எங்கள் சேக்காளி ஒருத்தன் கேட்டான்: "விதிப்படி பார்த்தா, ஒருத்தன அநியாயமா கொன்னா புதுச்சாமி வந்துரும்லா?" எல்லோரும் அவனைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை, ஏனென்றால் ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் அதையேதான் கேட்டிருப்பார்கள். விதிப்படி வரும். அநியாயம் இருக்கிறது, சாட்சிக்கு ஊரே இருக்கிறது, லாபமும் இருக்கிறது. அநாதையான ஒரு மாட்டுக்காரப் பையனைத் தேர்ந்தெடுத்தார்கள். சாமி வந்தது, அவன் முன்னால் வைத்த சாட்டைக்கம்பு ஒரே ராத்திரியில் பாதியாகத் தேய்ந்தது, சனங்கள் சந்தோஷமாகக் குலவை போட்டார்கள். ஆனால் மடைமுறிச்சானுக்குப் பாக்கிக்காரர்கள் தலைமடை மட்டும்தான், இவனுக்கு மொத்த ஊரும் பாக்கி. மாட்டுக்காரனுக்குத் தெரிந்த தொழில் ஓட்டுவது. ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலையில் ஊரை ஓட்ட ஆரம்பித்தான், ஆள், மாடு, கோழி எதுவும் மிச்சமில்லாமல், ஆற்றைப் பார்த்து.